பக்கத்தில் நிற்பவர் ஏன் ஊதவில்லை? இரு நடுவர் கூடைப்பந்தில் நிற்கும் இடமும் பார்க்கும் இடமும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சிமெண்ட் ஆடுகளங்களில் மாலை ஆட்டம் நடக்கும்போது, கோட்டுக்கு வெளியே தமிழும் மலையாளமும் கலந்து அடிக்கடி எழும் குறை ஒன்று உண்டு. மேலிருந்து, அதாவது நடுக்கோட்டுப் பக்கமிருந்து, ஓர் ஆட்டக்காரர் பந்தைத் தட்டிக்கொண்டு கூடையை நோக்கிப் பாய்கிறார். கூடைக்கு அருகே, அவருக்கு மூன்று மீட்டர் தொலைவில் நிற்கும் நடுவர் பேசாமல் நிற்கிறார். அதைப் போல இரு மடங்கு தொலைவில், ஆட்டக்காரரின் முதுகுப் பக்கம் நிற்கும் இன்னொரு நடுவர் விசிலை ஊதி, விரல்களை மடக்கிக் கையை உயர்த்துகிறார். உடனே வேலியோரத்திலிருந்து குரல் வருகிறது: "ஏனுங்க, பக்கத்துல நிக்கறவருக்கே தெரியல, அங்கிருந்து அவரு எப்படிங்க ஊதறாரு?"

கேள்வி நியாயமானது. தமிழக-கேரள எல்லையான வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பள்ளி ஆட்டங்களிலும் மன்ற ஆட்டங்களிலும் விசில் ஊதி வரும் எனக்கு இந்தக் கேள்வியின்மீது கோபம் வந்ததில்லை. அதற்கு யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லையே என்ற வருத்தம்தான் உண்டு. பார்வையாளர்கள் மட்டுமல்ல, பயிற்சியாளர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும்கூட, இரண்டு நடுவர்கள் என்றால் ஆடுகளத்தை நடுக்கோட்டில் வெட்டி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வார்கள் என்றோ, இருவரும் பந்தையே பார்ப்பார்கள், ஒருவர் தவறவிட்டால் மற்றவர் பிடித்துக்கொள்வார் என்றோ நினைக்கிறார்கள். இரண்டுமே தவறு. முதல்முறையாக விசிலைக் கழுத்தில் மாட்டும் இளைஞர்களும் இந்த நினைப்போடுதான் களத்துக்கு வருகிறார்கள் என்பதால், அடிப்படையிலிருந்து விளக்குகிறேன்.

பேருந்தின் இரண்டு கதவுகள்

சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறைக்கு வரும் தனியார் பேருந்தில் ஏறிப் பாருங்கள். கேரளத்துத் தனியார் பேருந்துகளில் நடத்துநரோடு, கதவைத் திறந்து மூடி மணியடிக்க இன்னொருவரும் இருப்பார். அவரைக் 'கிளி' என்பார்கள். கூட்டம் நெரியும் நேரத்தில் இருவரும் ஒரே கதவருகே நின்றால், மற்றக் கதவு வழியாக யார் ஏறினார், யார் இறங்கினார் என்பது இருவருக்கும் தெரியாது. ஒருவர் முன்கதவிலும் மற்றவர் பின்கதவிலும் நின்றால், பேருந்தில் இருக்கும் எல்லோரும் இந்த இருவருக்கும் நடுவில் வந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு முதுகு தெரியும் பயணி, மற்றவருக்கு முகம் தெரியும் பயணி. நடுவில் நிற்பவர் எவரும் இருவர் பார்வைக்கும் ஒருசேரத் தப்ப முடியாது.

இரு நடுவர் முறையின் முதல் விதி இதுதான். பத்து ஆட்டக்காரர்களும் எப்போதும் இரண்டு நடுவர்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஒரு நடுவர் கூடைக்குப் பின்னால், கடைசிக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். மற்றவர் எதிர்மூலையில், ஆட்டத்துக்குப் பின்னால் நடுக்கோட்டுப் பக்கம் நிற்கிறார். இருவரையும் இணைத்து ஒரு கோடு இழுத்தால் அது ஆட்டத்தின் ஊடே சாய்வாகச் செல்லும்.

கூடைக்குப் பின்னால், ஆட்டத்துக்கு முன்னே சென்று நிற்பவருக்கு 'லீட்' என்று பெயர். ஆட்டத்துக்குப் பின்னே வருபவருக்கு 'டிரெயில்' என்று பெயர். இவை நிற்கும் இடத்தின் பெயர்கள். பதவியின் பெயர்கள் அல்ல. பதவியைப் பொறுத்தவரை ஒருவர் முதன்மை நடுவர், மற்றவர் துணை நடுவர். அது ஆட்டம் முடியும்வரை மாறாது. லீட், டிரெயில் என்ற இடங்களோ பந்து ஓர் அணியிடமிருந்து மற்ற அணிக்குக் கைமாறும் ஒவ்வொரு முறையும் மாறும். "லீட்தான் பெரிய நடுவர்" என்று வேலியோரத்தில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை. அடுத்த பத்து நொடியில் அவரே டிரெயில் ஆகிவிடுவார்.

ஆட்டம் பிறந்தபோதே பிரித்து வைத்த வேலை

ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது எழுதிய விதிகள் பதின்மூன்று. அவற்றில் பத்தாவது விதி, ஒரு நடுவரை ஆட்களுக்கு நீதிபதி என்கிறது. ஃபவுல்களைக் கவனிப்பது அவர் வேலை. பதினோராவது விதி, இன்னொரு நடுவரைப் பந்துக்கு நீதிபதி என்கிறது. பந்து ஆட்டத்தில் இருக்கிறதா, கோட்டுக்கு வெளியே போனதா, யாருக்குச் சேர வேண்டும் என்று சொல்வதும் நேரம் பார்ப்பதும் அவர் வேலை. அப்போது பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆடினார்கள், பந்து கால்பந்து, கூடை பீச் பழக்கூடை. அந்த நிலையிலேயே, பந்தைப் பார்ப்பவர் ஒருவர், ஆட்களைப் பார்ப்பவர் ஒருவர் என்று பிரிக்க வேண்டும் என்பது நெய்ஸ்மித்துக்குத் தெரிந்திருக்கிறது.

இன்று யார் பந்தைப் பார்ப்பார், யார் ஆட்களைப் பார்ப்பார் என்பது ஆளைப் பொறுத்து நிலையாக இல்லை. பந்து இருக்கும் இடத்தைப் பொறுத்து நொடிக்கு நொடி மாறுகிறது. ஆனால் ஒருவர் பந்தைப் பார்க்கும்போது மற்றவர் அதைப் பார்க்கக் கூடாது என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது. புதிதாக வருபவர்களுக்கு இந்தக் 'கூடாது'தான் விளங்கக் கடினமாக இருக்கிறது.

களத்தில் நிலக்கடலை காயப் போட்டுவிட்டு இரண்டு பேரைக் காவல் வைப்பதை நினைத்துப் பாருங்கள். காக்கை ஒன்று இறங்குகிறது. இருவரும் எழுந்து அதையே விரட்டப் போனால், பின்பக்கம் ஆடு வந்து வாய் வைத்திருக்கும். காக்கையை ஒருவர் விரட்ட, மற்றவர் அந்தப் பக்கமே திரும்பாமல் ஆடு வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் காவல். கூடைப்பந்தில் காக்கை பந்து. கண் தானாகவே அதன்மேல் போகும். மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு நடுவரில் ஒருவர் மட்டும், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அதைப் பார்க்காமல் இருக்கக் கடமைப்பட்டவர்.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: எல்லா ஆட்டக்காரர்களும் இரு நடுவருக்கும் நடுவே இருக்க வேண்டும், முன்னே நிற்பவர் லீட், பின்னே நிற்பவர் டிரெயில், ஒருவர் பந்தைப் பார்க்கையில் மற்றவர் பந்தில்லாத இடத்தைப் பார்க்கிறார்.

இரண்டு பனைமரங்களும் ஒரு நடுவரும்

இப்போது வேலியோரத்துக் கேள்விக்கு வருவோம். பக்கத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் என்பது எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. எங்கள் பக்கம் வரப்பில் நடந்து போகும் எவருக்கும் அது பொய் என்று கண்ணே காட்டிக்கொடுக்கும். எதிரே அடுத்தடுத்து இரண்டு பனைமரங்கள் நிற்கின்றன. நீங்கள் நடந்துவரும் வரப்பும் அவை இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமைந்துவிட்டால், உங்களுக்குத் தெரிவது ஒரே மரம். மரத்துக்கு எவ்வளவு நெருங்கிப் போனாலும் அது ஒரே மரம்தான். வரப்பை விட்டுப் பக்கவாட்டில் இரண்டு அடி எடுத்து வையுங்கள். பின்னால் இருந்த மரம் வெளிப்பட்டு, இரண்டுக்கும் நடுவே வானம் தெரியும். நூறு அடி பின்னால் நின்றபடி பக்கவாட்டில் நகர்ந்தாலும் அந்த இடைவெளி தெரியத்தான் செய்யும்.

நடுவர் பார்க்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். தாக்குபவருக்கும் தடுப்பவருக்கும் நடுவே உள்ள வெளிச்சம் தெரிந்தால், அந்த வெளிச்சம் எப்போது மறைகிறது, யாருடைய அசைவால் மறைகிறது என்பது தெரியும். ஃபவுல் என்பது பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான விடைதான். இருவரின் உடல்களும் நடுவரின் கண்ணுக்கு ஒரே கோட்டில் வந்துவிட்டால், மோதல் நடந்ததா, வெறுமனே நெருங்கி நின்றார்களா என்று சொல்லவே முடியாது; ஊதினால் அது ஊகம். இடைவெளி தெரியும்படி நிற்கும் இந்தக் கோணத்தை நடுவர்கள் தங்களுக்குள் 'ஆங்கிள்' என்று மட்டும் சொல்வார்கள்.

முதலில் சொன்ன காட்சியை இப்படிப் பாருங்கள். கூடையைப் பார்த்து நின்றால், டிரெயில் இடப்பக்கம் மேலே இருக்கிறார். லீட் வலப்பக்கம் கடைசிக் கோட்டில் இருக்கிறார். ஆட்டக்காரர் இடப்பக்கம் மேலிருந்து கூடைக்குப் பாய்கிறார். அவரைத் தடுப்பவர் பின்தங்கி, ஆட்டக்காரரின் இடது இடுப்போரம் ஒட்டி வருகிறார். பந்தைத் தட்டப் போன கை முழங்கையில் விழுகிறது. கீழே நிற்கும் லீட்டுக்குத் தெரிவது பாய்ந்து வருபவரின் நெஞ்சும் முகமும்தான். தடுப்பவரின் கை அந்த உடலுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அவர் முன்மரத்துக்கு அருகே நிற்பவர். மேலே நிற்கும் டிரெயிலுக்கோ இரண்டு உடல்களும் தனித்தனியாக, நடுவே சிமெண்ட் தரை தெரியும் அளவுக்குப் பிரிந்து தெரிகின்றன. அவர் ஊதினார். லீட் ஊதாதது கவனக்குறைவு இல்லை. தனக்குத் தெரியாததை ஊத மறுத்தார். அந்த நேரத்தில் அவர் கண் இன்னொரு வேலையில் இருந்தது. கூடைக்கடியிலிருந்து உதவிக்கு வந்து குறுக்கே நிற்கப் போகும் இரண்டாவது தடுப்பாளரின் கால்களை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தடுப்பாளர் முன்கூட்டியே நின்றுவிட்டாரா, கூடைக்கடியில் 1.25 மீட்டர் ஆரத்தில் வரைந்திருக்கும் அரைவட்டத்துக்குள் நிற்கிறாரா என்பதெல்லாம் லீட்டுக்குத்தான் தெரியும்.

தொலைவும் முக்கியம்தான், ஆனால் நெருக்கமே நல்லது என்று பொருளில்லை. மிக அருகே நின்றால் தடுப்பவரின் முகமும் தோளும் பெரிதாகத் தெரியும், கால்கள் பார்வையிலிருந்து விழுந்துவிடும். ஆட்டத்திலிருந்து 4 முதல் 6 மீட்டர் வரை தள்ளி நின்றால் தலையிலிருந்து பாதம் வரை இருவரும் கண்ணுக்குள் அடங்குவார்கள். லீட் கடைசிக் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் அளவுக்கு வெளியே நிற்பதும் இதனால்தான். இடம் இருக்கும் ஆடுகளங்களில் இது எளிது. எங்கள் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றில் கடைசிக் கோட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஒருவர் நிற்கவே இடம் இருக்காது. அங்கே லீட் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டு நகர்வால்தான் சமாளிக்க வேண்டும்.

நகர்வு என்றதும் ஓடுவது என்று நினைக்க வேண்டாம். டிரெயிலுக்கு எதிரே ஆட்டக்காரர் இடப்பக்கமாகப் பாய்ந்தால், டிரெயில் வலப்பக்கம் ஓரடி வைக்கிறார். வலப்பக்கம் பாய்ந்தால் இடப்பக்கம் ஓரடி. பந்தைத் துரத்திக்கொண்டு அதே திசையில் போவதுதான் மனித இயல்பு. அப்படிப் போனால் ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொள்வோம். எதிர்த்திசையில் வைக்கும் அந்த ஓரடி வரப்பிலிருந்து விலகும் இரண்டடிக்குச் சமம். அடி வைத்து முடித்ததும் நின்றுவிட வேண்டும். ஓடிக்கொண்டே பார்ப்பவரின் கண் குலுங்கும். நின்று பார்ப்பவருக்குத்தான் முழங்கையும் மணிக்கட்டும் தனியாகத் தெரியும்.

பாதி ஆடுகளத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள்

சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் அளவுப்படி ஆடுகளம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஆட்டம் பெரும்பாலும் ஒரு பாதியில்தான் நடக்கிறது. ஆகவே பங்கிட வேண்டியது அந்த 14 மீட்டர் நீளப் பாதியைத்தான். ஃபீபாவின் பழைய கையேடுகள் அதை ஆறு செவ்வகங்களாகப் பிரித்து எண் போட்டுக் கற்றுக்கொடுத்தன. தொடக்கத்தில் எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை என்பது என் கருத்து. கூடையைப் பார்த்து நின்றுகொண்டு, பந்து இருக்கக்கூடிய நான்கு நிலைகளை நினைத்தால் போதும்.

பந்து மேலே, நடுவிலோ இடப்பக்கமோ இருந்தால் அது டிரெயிலின் பொறுப்பு. பந்து வைத்திருப்பவர், அவரைத் தடுப்பவர், அவருக்கு அருகே நடக்கும் ஸ்கிரீன், எல்லாம் அவருடையவை. ஸ்கிரீன் என்பது, தன் அணிக்காரரைத் துரத்தும் தடுப்பாளரின் வழியில் ஓர் ஆட்டக்காரர் அசையாமல் நின்று மறிப்பது. இந்த நேரத்தில் லீட் பந்தை விட்டுவிட்டு, கூடைக்கடியிலும் வலப்பக்கமும் இடம்பிடிக்க நெருக்கித் தள்ளிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கிறார்.

பந்து வலப்பக்கம் கீழே, அதாவது ஃப்ரீ த்ரோ எனும் தடையில்லா எறிதலுக்கான கோட்டின் நேருக்குக் கீழே லீட் நிற்கும் பக்கம் போனால், பொறுப்பு லீட்டுக்கு மாறுகிறது. அப்போது டிரெயில் பந்திலிருந்து கண்ணைப் பிடுங்கியெடுத்து, இடப்பக்கமும் கூடைக்கு முன்னும் இருக்கும் மற்றவர்களைப் பார்க்க வேண்டும். கற்றுக்கொள்பவர்களுக்கு மிகக் கடினமான இடம் இதுவே. பந்து தன்னை விட்டுப் போன பிறகு இரண்டு நொடி டிரெயிலின் கண் அதன் பின்னாலேயே போகிறது. அந்த இரண்டு நொடியில் ஆடுகளத்தின் பாதி யாரும் பார்க்காமல் கிடக்கிறது.

பந்து வலப்பக்கம் மேலே இருந்தால் அது லீட்டுக்கு எட்டாத இடம். டிரெயில் தன் கோட்டோரத்தை விட்டு ஆடுகளத்துக்குள் சில அடிகள் வந்து, நடு நோக்கி நெருங்கிப் பார்க்க வேண்டும். கோட்டோரமாகவே நின்று 12 மீட்டர் தொலைவிலிருந்து ஊதும் டிரெயிலை ஆட்டக்காரர்கள் நம்பமாட்டார்கள். அதில் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

பந்து இடப்பக்கம் கீழே மூலைக்குப் போனால் இருவருக்கும் வேலை உண்டு. அங்கே மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் காலடியைப் பார்ப்பது டிரெயில். அங்கிருந்து உள்ளே பாய்ந்தால் லீட் கூடை நோக்கி நகர்ந்து வந்து உதவுகிறார். மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 6.75 மீட்டர் என்றாலும், மூலையில் அதற்கும் பக்கக் கோட்டுக்கும் நடுவே 90 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. அந்தக் குறுகலான இடத்தில் கால் கோட்டை மிதித்ததா என்பதை டிரெயில் ஓரிரண்டு அடி இறங்கிவந்து பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இந்தப் பங்கீட்டில் ஒருவருக்குரிய இடத்தை 'முதல் பொறுப்பு' என்கிறோம். மற்றவர் இடத்தில் ஊதவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. கூட்டாளிக்குத் தெரிய வாய்ப்பே இல்லாத, தெளிவான பெரிய தவறு கண்ணில் பட்டால் ஒரு கணம் பொறுத்து ஊதலாம். பொறுப்பது எதற்கென்றால், உரியவர் ஊதிவிட இடம் கொடுப்பதற்கு.

பாய்ச்சலுக்கு மட்டும் தனி நியதி: யாருடைய இடத்தில் தொடங்கியதோ, அவரே கடைசிவரை அந்தப் பாய்ச்சலோடும் அதன் முதல் தடுப்பாளரோடும் போகிறார். குறுக்கே புதிதாக வருபவர் லீட்டுக்கு.

எங்கள் இருவருக்கும் ஒரே பக்கம் திரும்பிய தலை

நான் கற்றுக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பள்ளி ஆட்டத்தில் லீட்டாக நின்றேன். பந்து மேலே இருந்தது. நல்ல ஆட்டம், மேலே ஒரு பையன் பந்தைத் தட்டும் அழகில் என் கண் போய்விட்டது. கூட்டாளியின் கண் இருக்க வேண்டியதும் அங்கேதான், இருந்ததும் அங்கேதான். எனக்கு இரண்டு மீட்டர் முன்னால் 'ஹக்' என்றொரு சத்தம் கேட்டது. திரும்பியபோது ஒரு பையன் வாயைப் பொத்தியபடி குனிந்திருந்தான். கையை எடுத்தபோது உதடு பிளந்திருந்தது. வெள்ளை ஜெர்சியின் கழுத்துப் பட்டையில் ரத்தம் இறங்கியது. பக்கத்தில் நின்ற எதிரணிப் பையன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். முழங்கை தற்செயலாகப் பட்டதா, வேண்டுமென்றே வீசியதா, இருவரில் யார் முதலில் தள்ளியது, எனக்கு எதுவும் தெரியாது. மேலே நின்ற கூட்டாளி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பார்க்காததை ஊத முடியாது. ஆட்டத்தை நிறுத்தி அந்தப் பையனை வெளியே அனுப்பி முதலுதவிக்கு வழிசெய்ததற்கு மேல் நான் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அவனுடைய பயிற்சியாளர் என்னிடம் கத்தவில்லை. "சார், நீங்க அங்கதான நின்னீங்க" என்று மட்டும் கேட்டார்.

அங்கேதான் நின்றேன். நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் இருந்தேன்.

கோடுகளும் ஓட்டமும்

கோடுகள் யாருக்கு என்பதில் குழப்பமே வேண்டாம். இடக்கைப் பக்கம் இருக்கும் பக்கக்கோடு அவரவருக்கு. கூடையைப் பார்த்து நிற்கும் டிரெயிலின் இடக்கைப் பக்கம் ஒரு கோடு. ஆடுகளத்தைப் பார்த்து நிற்கும் லீட்டின் இடக்கைப் பக்கம் எதிர்க்கோடு. இதோடு கடைசிக் கோடு லீட்டுக்கும் நடுக்கோடு டிரெயிலுக்கும் சேர்கின்றன.

பந்து கைமாறி ஆட்டம் எதிர்க்கூடைக்குத் திரும்பும்போது, டிரெயில் முன்னே ஓடிப் புதிய லீட் ஆகிறார். லீட் பின்னே வந்து புதிய டிரெயில் ஆகிறார். யாரும் குறுக்கே கடப்பதில்லை. அவரவர் தன் பக்கக்கோட்டோரமாகவே மேலும் கீழும் போகிறார்கள். திசை திரும்பியதும் அதே கோடு மறுபடியும் அவரவரின் இடக்கைப் பக்கமே வந்துவிடும். தாளில் வரைந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும் ஒழுங்கு இது. புதிய லீட் செய்யும் வழக்கமான பிழை, தலையைக் குனிந்துகொண்டு ஓடுவது. முகம் உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே பின்னால் இருவர் மோதி விழுந்தால் யாராவது பார்த்திருக்க வேண்டுமே.

ஃபவுல் ஊதியபின் நடுவர்கள் இடம் மாற்றிக்கொள்வது வழக்கம். ஒரே நடுவர் ஆட்டம் முழுக்க ஒரே அணியின் கூடைக்கடியில் நிற்கும் நிலை இதனால் தவிர்க்கப்படுகிறது. ஃப்ரீ த்ரோவின்போது லீட் கூடைக்கடியிலிருந்து பந்தைக் கொடுக்கிறார். எறிபவரையும் அவருக்குரிய ஐந்து நொடியையும் பார்ப்பது டிரெயில்.

எறிந்த பந்தை யார் பார்ப்பது

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மாதங்களில் எங்கள் திறந்த ஆடுகளங்களில் ஆடியவர்களுக்கு, எறிந்த பந்து ஒரு சாண் விலகி இறங்குவது பழகிய சங்கதி. பந்து எப்படிப் போகிறது, இறங்கத் தொடங்கிய பிறகு வளையத்துக்கு மேலே யாராவது தொட்டார்களா, கூடையில் விழுந்ததா என்று பார்ப்பதெல்லாம் டிரெயிலின் வேலை. மூன்று புள்ளி முயற்சி என்றால் மூன்று விரலை உயர்த்திக் காட்டுவதும், விழுந்தால் இரு கைகளையும் உயர்த்துவதும் அவரே.

லீட் மேலே பார்க்கவே கூடாது. பந்து காற்றில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில்தான் கூடைக்கடியில் முதுகால் தள்ளுவதும், இடுப்பைப் பிடிப்பதும், தோளில் ஏறுவதும் நடக்கின்றன. திரும்பி விழும் பந்துக்கான இந்தப் போட்டியை ரீபவுண்ட் என்கிறோம். காற்று நாளில் பந்து யாரும் எதிர்பாராத பக்கம் விழும் என்பதால் தள்ளுமுள்ளும் அதிகம். நல்ல லீட்டுக்குப் பந்து விழுந்ததா என்பது வலையின் சத்தத்திலிருந்தும் ஆட்டக்காரர்களின் முகத்திலிருந்தும் தெரியும். எறிந்தவர் தரையிறங்கும்வரை அவருக்குப் பாதுகாப்பு தேவை. அவர் காலடியில் தன் காலை நீட்டும் தடுப்பாளரால் கணுக்கால் பிசகும். ஆகவே எறிந்தவர் டிரெயிலின் இடத்தில் இருந்தால், டிரெயில் முதலில் அவர் தரையிறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் பந்துக்குக் கண்ணை உயர்த்த வேண்டும்.

தொகுத்தால்: டிரெயிலுக்கு எறிந்தவரின் கால், பிறகு பந்து, லீட்டுக்குக் கூடைக்கடியில் இருக்கும் உடல்கள்.

இரண்டு விசில் ஒன்றாகக் கேட்டால்

இருவரும் ஒரே நேரத்தில் ஊதுவது நடக்கக்கூடியதே. முறை எளிது: ஃபவுலுக்கு மடக்கிய கைமுட்டி, மற்ற மீறல்களுக்கு விரித்த உள்ளங்கை, இவ்வளவை மட்டும் உயர்த்திக்கொண்டு நின்றுவிட வேண்டும். அடுத்த சைகைக்கு முன் கூட்டாளியின் கண்ணைப் பார்க்க வேண்டும். யாருடைய முதல் பொறுப்போ அவர் தொடர்வார். மற்றவர் கையை இறக்குவார். அவசரப்பட்டு ஒருவர் தாக்குபவர்மீதும் மற்றவர் தடுப்பவர்மீதும் சைகை காட்டிவிட்டால், பிறகு எவ்வளவு நியாயமாக முடித்தாலும் ஒரு அணி அதை ஏற்காது.

இருவருக்கும் எட்டாத இடம்

இவ்வளவும் ஒழுங்காக நடந்தாலும் பத்து பேரை நான்கு கண்களால் முழுக்கக் காக்க முடியாது. பந்து வலப்பக்கக் கீழ்மூலையில் இருக்கும்போது லீட் அதனோடு கட்டப்பட்டுவிடுகிறார். கூடைக்கு முன்னால் நடக்கும் நெருக்கடியையும், இடப்பக்கம் பந்தில்லாமல் ஓடுபவர்களையும், மேலே நடக்கும் ஸ்கிரீனையும் டிரெயில் தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தச் சுமைதான் மூன்றாவது நடுவரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்பிஏ 1978-79 பருவத்தில் மூவரை வைத்துப் பார்த்தது, அடுத்த பருவமே இருவருக்குத் திரும்பியது, 1988-89இலிருந்து மூவரை நிலையாக்கியது. எங்கள் பள்ளி, மன்ற ஆட்டங்களுக்கு இருவர்தான் வருகிறோம். சில நாள் அந்த இரண்டாவது ஆளைப் பிடிப்பதே பாடு.

ஆகவே ஆட்டத்துக்கு முன் இருவரும் பேசியாக வேண்டும். எனக்கு முறையாகக் கற்றுக்கொடுத்த மூத்த நடுவர், ஆட்டக்காரர்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருக்கும்போது ஆடுகளத்தின் ஓரத்தில் குந்திக்கொண்டு, ஓட்டுத் துண்டால் சிமெண்டில் பாதி ஆடுகளத்தை வரைவார். கூடை, வில்கோடு, எங்கள் இருவருக்கும் இரண்டு பெருக்கல் குறி. பிறகு இரு அணிகளையும் நிமிர்ந்து பார்த்து, இன்று எந்த அணியில் உயரமானவர் கூடைக்கு முதுகு காட்டி ஆடுவார், எந்த அணி மூலையிலிருந்து எறியும் என்று கேட்பார். அதற்கேற்ப, பந்து வலது மூலைக்குப் போகும்போது டிரெயில் எத்தனை அடி கீழே இறங்க வேண்டும், அப்படி இறங்கினால் மேலே எந்த இடத்தை நாம் பார்க்க முடியாமல் விடுகிறோம் என்று அந்தப் படத்தில் விரலால் தொட்டுக் காட்டுவார். அந்த இடத்தை ஒரு சிறு வட்டம் போட்டு மூடிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஜம்ப் பாலுக்காகப் பந்தைக் கேட்டு வாங்குவார்.